ரமல்லாவா, காசா கடலா: எந்த நாவலை முதலில் எடுப்பது?

எலிசபெத் லெயர்ட், சோனியா நிம்ருடன் சேர்ந்து எழுதிய ‘எ லிட்டில் பீஸ் ஆஃப் கிரவுண்ட்’ (2003). வலேரி ஜெனாட்டி பிரெஞ்சில் எழுதி 2005-ல் வந்து, ஆங்கிலத்திலும் கிடைக்கும் ‘எ பாட்டில் இன் த காசா சீ’. இரண்டுமே இரண்டாம் இன்டிஃபாதா, அதாவது இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு எதிரான பாலஸ்தீனர்களின் இரண்டாம் எழுச்சி, நடந்த காலத்துக் கதை. பிள்ளைகளுக்கு எதை வாங்கித் தருவது என்று குழம்புகிறவர்களுக்காக இது.

யாருடைய கதை?
முதலாவது: பாலஸ்தீன நகரமான ரமல்லாவில் ஊரடங்குக்குள் அடைபட்ட 12 வயது கரீம் மட்டும்தான்.
இரண்டாவது: ஜெருசலேமில் வாழும் இஸ்ரேலியப் பெண் தால், காசாவின் பாலஸ்தீன இளைஞன் நயீம், இருவரும்.

மொழி?
லெயர்டுடையது நேரான கதை, சரசரவென்று ஓடும். ஜெனாட்டியுடையதில் பாதி மின்னஞ்சல், அதனால் யார் பேசுகிறார்கள் என்று கவனித்து வாசிக்க வேண்டும்.

மனதில் நிற்பது எது?
கரீமுக்கு வேண்டியதெல்லாம் பந்து உதைக்க ஒரு துண்டு நிலம், அதையும் குப்பையும் கல்லும் அகற்றி நண்பர்களோடு அவனே உண்டாக்குகிறான். ஆனால் சோதனைச்சாவடியில் இஸ்ரேலிய ராணுவத்தினர் அவன் அப்பாவை அவன் கண்ணெதிரே அவமானப்படுத்தும் இடம் இருக்கிறதே, அதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், மறுநாள்தான் தொடர முடிந்தது. அப்புறம் தால்: தன் தெருவருகே ஒரு காபிக் கடையில் குண்டு வெடித்தபின் கடிதம் எழுதி, புட்டியில் அடைத்து, ராணுவத்தில் இருக்கும் அண்ணனிடம் கொடுத்து காசா கடலில் போடச் சொல்கிறாள். அதைக் கண்டெடுக்கும் நயீமின் முதல் பதில்களில் கேலியும் கோபமும்தான், அது எனக்கு நிஜமாகப் பட்டது.

ஆக்கிரமிப்புக்குள் அன்றாடம் எப்படி என்று தெரிய வேண்டுமா, 11, 12 வயதுப் பிள்ளைக்கா, கரீமைக் கொடுங்கள். 15 தாண்டியவர், இரு பக்கமும் கேட்க விரும்புகிறவர் என்றால் தாலும் நயீமும். எனக்கு ஒன்றுதான் என்றால் கரீம்.