உள்ளரங்க நாய்க் கண்காட்சிக்கு எந்த லென்ஸ்? பல சீசன் பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தவை

லென்ஸைப் பற்றி யோசிக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: நாய்களை ஓடவிட்டு மதிப்பிடும் ரிங்கைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே உங்களை எங்கே உட்கார விடுவார்கள்? எந்த லென்ஸ் என்பதை முக்கால்வாசி முடிவு செய்வது அந்த இடம்தான்.

நம் கொங்குப் பக்கத்தில் இடங்கள் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, கோவை கொடிசியா போல உயரக் கூரை போட்ட பெரிய அரங்கு. மற்றொன்று கல்யாண மண்டபம். பெரிய அரங்கில் நாய் உங்களைக் கடக்கும்போது 4 மீட்டரில் இருக்கும், எதிர் மூலையில் திரும்பும்போது 15 மீட்டர் போய்விடும். இந்த வித்தியாசத்தை ஒரே லென்ஸில் சமாளிக்க 70–200 எம்எம் எஃப் 2.8 ஜூம் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சம் வாங்கும்) தவிர வேறு நல்ல வழி இல்லை. ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 70 எம்எம் வைத்து 4 மீட்டரில் எடுத்தால் சுமார் 2 மீட்டர் அகலம் கிடைக்கும். கிரேட் டேனும் அடங்கும். 200 எம்எம்மில் 15 மீட்டருக்கு 2.7 மீட்டர் அகலம்.

மண்டபத்தில் இதே லென்ஸ் இடைஞ்சல். பின்னால் நகர இடமிருக்காது, ஒன்றரைக் கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே திரும்பவும் முடியாது. அங்கே 85 எம்எம் எஃப் 1.8 போதும். சிறிய க்ராப் சென்சார் கேமரா என்றால் 85 நெருக்கமாகிவிடும் (5 மீட்டரில் 1.4 மீட்டர் அகலம்தான்), அதனால் 50 எம்எம் எஃப் 1.8 எடுங்கள். காசுக்கேற்ற லென்ஸ் என்று கேட்டால் இந்த 50தான்.

கேமராவோடு வரும் 55–250 வகை ஜூமை வைத்து ஒப்பேற்றலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வெளியே, காலை வெயிலில் தாராளமாக எடுக்கலாம். உள்ளே கஷ்டம். நாய் ட்ராட்டில் (மெல்லோட்டத்தில்) ஓடும்போது கால் நுனி கலங்காமல் இருக்க ஷட்டர் வேகம் விநாடியில் 1/640 முதல் 1/800 வரை வேண்டும். எஃப் 2.8-இல் அதற்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) 6400 கேட்கும் அரங்கில், அந்த ஜூமின் எஃப் 5.6-இல் 25600 கேட்கும். அந்த அளவில் கறுப்பு லேப்ரடாரின் ரோமம் தார் ஊற்றியது போலாகிவிடும். அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸுக்கு 2500 போதும். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் இதற்கு உதவாது. அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், நாயின் ஓட்டத்தை அல்ல. ஸ்டாக்கில் (ஜட்ஜுக்குக் காட்ட அசையாமல் நிறுத்தும் நிலையில்) நிற்கும் நாயை 1/100, 1/200-இல் எடுக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

லென்ஸைக் குறை சொல்லும் பலருக்கு உண்மையான பிரச்சினை விளக்குதான். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் ட்யூப்லைட்டும் மெட்டல் ஹாலைட் விளக்கும் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். 1/800-இல் எடுத்தால் அந்தத் துடிப்பில் ஒரு துண்டு மட்டுமே சிக்கும். பர்ஸ்ட்டில் (தொடர்ந்து சடசடவென எடுக்கும்போது) ஒரு படம் சரியாக, அடுத்தது இருட்டாக, மூன்றாவது மஞ்சளாக வரும். கேமராவில் ஆன்டி ஃப்ளிக்கர் (விளக்கின் துடிப்புக்கு ஏற்பப் படமெடுக்கும் வசதி) இருந்தால் போட்டுவிடுங்கள். பர்ஸ்ட் வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. இல்லையென்றால் ஸ்டாக்கை 1/100-இல் எடுங்கள், ஓட்டத்துக்கு நீளமான பர்ஸ்ட் எடுத்துப் பொறுக்குங்கள். எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம், படத்தில் பட்டை பட்டையாக விழும். ஜட்ஜிங் நடக்கும்போது ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். நாய் மிரண்டால் அதை ரிங்கில் நடத்தும் ஹேண்ட்லரின் பல மாத உழைப்பு ஒரு நொடியில் போகும்.

ஃபோகஸ் விஷயத்தில், 200 எம்எம் எஃப் 2.8-இல் 8 மீட்டர் தள்ளியிருக்கும் நாய்க்கு ஏறக்குறைய 27 சென்டிமீட்டர்தான் தெளிவாக விழும். பக்கவாட்டில் ஓடினால் கவலையில்லை, உடம்பு முழுக்க ஒரே தளத்தில் இருக்கும். நேராக உங்களை நோக்கி வந்தால் கண்ணில் ஃபோகஸ் பிடித்தாக வேண்டும். மார்பில் பிடித்தால் முகம் கெட்டுவிடும். விலங்குக் கண் கண்டறியும் வசதி உள்ள கேமராவில் பாதி வேலை முடிந்தது. ஆனால் கறுப்பு நாயின் கறுப்புக் கண்ணிலும், முடி மறைத்த ஷிட்ஸு கண்ணிலும் அது தடுமாறி ஹேண்ட்லரின் பேண்ட்டுக்குத் தாவும். அப்போது சிறிய ஒற்றைப் புள்ளிக்கு மாறி, தொடர் ஃபோகஸில் வைத்துப் புருவ மேட்டைக் குறிவையுங்கள்.

ராஜபாளையம் நாய் வந்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மேனுவலில் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால், நாய் ஃப்ரேமை நிறைக்கும்போது வெள்ளை ரோமம் சாம்பலாகும். பின்னணி இருட்டாக இருந்தால் சுண்ணாம்பு அடித்தது போல வெளுக்கும். முதல் படத்தைப் பெரிதாக்கி மூக்கைப் பாருங்கள். ராஜபாளையத்தின் மூக்கு ரோஸ் நிறம். அந்த ரோஸ் வெளிறிப்போயிருந்தால் வெளிச்சம் கூடிவிட்டது என்று பொருள், மூன்றில் ஒரு ஸ்டாப் (பெரும்பாலும் டயலில் ஒரு கிளிக்) குறையுங்கள். கீழே சிவப்புக் கம்பளம் விரித்திருந்தால் வயிற்றிலும் தொடையின் உள்பக்கத்திலும் சிவப்பு ஏறும். ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பில்) எடுத்தால்தான் அதைப் பிறகு சரிசெய்ய முடியும். எஃப் 1.8 லென்ஸை முழுதும் திறந்து இருண்ட பின்னணியில் வெள்ளை நாயை எடுத்தால் முதுகுக் கோட்டில் ஊதா விளிம்பு தெரியலாம். எஃப் 2.2-க்கு வந்தால் ஓரளவு குறையும்.

எந்த லென்ஸானாலும் நின்றுகொண்டு எடுக்காதீர்கள். மேலிருந்து பார்த்தால் கால் குட்டையாகும், தலை பெருக்கும், வளர்த்தவருக்கு மனசு வலிக்கும். தரையில் உட்கார்ந்து லென்ஸை நாயின் நடு உடம்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பெரிய முன்கண்ணாடியைப் பக்கத்தில் பார்த்ததும் காதை மடக்கிக்கொள்ளும் நாய்களும் உண்டு. அவற்றுக்குத் தள்ளி உட்கார்ந்து 200 எம்எம்மில் எடுப்பது நல்லது.

வாங்கும் முன் ஒருமுறை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் கல்யாண போட்டோகிராஃபர்களின் 70–200 பெட்டியில்தான் இருக்கும்; தெரிந்தவர் மூலம் கேட்டால் கொடுப்பார்கள். பழையது வாங்கினால், அப்பெர்ச்சரை முழுதும் திறந்து பின்பக்கம் மொபைல் டார்ச் அடித்து, முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். சுவரில் செய்தித்தாள் ஒட்டி எஃப் 2.8-இல் நேராக எடுத்து நான்கு மூலையையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கலாம், எங்கோ விழுந்த லென்ஸாக இருக்கலாம்.

வால்பாறை, பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்கள் மழைக்காலத்தில் லென்ஸைத் துணிப்பைக்குள் வைக்கவே கூடாது. மூடி இறுக்கமான டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் போதும். 40 முதல் 50 சதவீதத்தில் வைத்திருங்கள். கண்காட்சி முடிந்து வந்ததும் லென்ஸ் கேமராவோடு பொருந்தும் மவுன்ட் ஓரத்தில் ஒட்டிய நாய் முடியை ப்ளோயரால் ஊதிவிட்டுப் பிறகு துடையுங்கள். துணியால் நேராகத் துடைத்தால் முடியோடு இருக்கும் மணல் கண்ணாடியைக் கீறிவிடும்.