பிளாஸ்க்கில் ஐஸ், சீட்டில் என்.ஏ.

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கல்யாணம், குலதெய்வக் கோயில், பத்திர அலுவலகம் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தன. பத்திர அலுவலகமே ஒரே நாளில் வேலையை முடித்துக் கொடுத்தது என்றால் நம்ப மாட்டீர்கள், ஆனால் அதைப் பற்றி எழுத எனக்கு இப்போது மனம் இல்லை. ஒரு கண் சொட்டு மருந்துப் புட்டியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கட்டைவிரல் உயரம், உள்ளே இரண்டரை மில்லி.

அப்பா 1972இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். வங்கதேசப் போர் முடிந்து சில மாதங்கள் கழித்துத்தான் நீலகிரி வெலிங்டனில் போய் இறங்கினார். அந்தச் சில மாதங்களுக்காக இன்றும் விதியை நொந்துகொள்வார். 1994இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். இப்போது வயது 71, கண்ணில் நீர் அழுத்த நோய். இரவு படுக்கும்முன் கண்ணுக்கு ஒரு சொட்டு லாட்டனோபிராஸ்ட் விட வேண்டும். உயிர் போகிற நோய் இல்லை. ஆனால் மருந்தை நிறுத்தினால் பார்வை ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் சுருங்கிக்கொண்டே வரும், போனது திரும்பி வராது.

இந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. மூடி திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து முன்னாள் படைவீரர்களுக்கான பாலிக்ளினிக் 60 கிலோமீட்டர். மே மாத வெயில், ஜன்னலோரச் சீட்டு, இரண்டு மணி நேர பஸ் பயணம். குளிர் எங்கே நிற்கும்? அதற்காக அப்பா ஒரு பிளாஸ்க் வைத்திருக்கிறார். மிலிட்டரி கேண்டீனில் வாங்கிய ஆலிவ் பச்சை பிளாஸ்க். அடியில் ஒரு நசுங்கல், மூடியில் சங்கிலி, பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் அவருடைய ஆர்மி நம்பர். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அதில் காபி இருக்கும். இப்போது மாதம் ஒரு நாள் காலை நாலரை மணிக்கு எழுந்து, பிரிட்ஜில் உள்ள ஐஸ் கட்டிகளை அதில் தட்டி நிரப்பிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிக்கிறார். அம்மாவுக்கு இந்தச் சத்தம் பிடிக்காது. “போருக்குப் புறப்படுவதுபோல் புறப்படுகிறீர்கள், கொண்டுவருவது வெறும் தண்ணீர்” என்றார். ஏதோ கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

நான் வாடகைக் கார் பேசினேன். அப்பாவுக்கு அது வீண் செலவு. ஏழு மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தபோது கேட்டுக்கு வெளியே முப்பது பேர் வரிசையில் இருந்தார்கள். செருப்பை வரிசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகும் பழைய வழக்கம் இப்போது இல்லை, டோக்கன் வந்துவிட்டது. ஆனால் டோக்கன் வாங்க வரிசை இருக்கிறது. ஸ்மார்ட் கார்டைச் செருகி விரலை வைத்தால் அப்பாவின் வலது கட்டைவிரலை இயந்திரம் ஏற்கவில்லை. இடது விரலையும் ஏற்கவில்லை. விரலைச் சட்டையில் தேய்த்து, வாயால் ஊதி, மூன்றாவது முறை வைத்தபோது பச்சை விளக்கு எரிந்தது. டாக்டர் பார்த்தது நாலு நிமிடம்; குறை சொல்ல மாட்டேன், அழுத்தத்தின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு மருந்து ஜன்னல்.

சீட்டில் ஏழு மருந்து. ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, கொழுப்பு மாத்திரை என்று ஆறு வந்தன. ஏழாவதின் எதிரே சிவப்பு மையில் ‘என்.ஏ.’ என்று எழுதிச் சீட்டை வெளியே தள்ளினார் மருந்தாளுநர். கையிருப்பில் இல்லை என்று அர்த்தம். அப்பா பாக்கெட்டிலிருந்து மார்ச் சீட்டையும் ஏப்ரல் சீட்டையும் எடுத்து இதோடு சேர்த்து ஒழுங்காக மடித்தார். மூன்றிலும் அதே சிவப்பு மை, அதே கையெழுத்து.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஜன்னலுக்குள் தலையை விட்டு, மூன்று மாதமாக ஒரு சொட்டு மருந்து வாங்க முடியாத அலுவலகம் எதற்கு என்று கேட்டேன். அந்தப் பிள்ளைக்கு முப்பது வயதுகூட இருக்காது, ஒப்பந்த வேலை. இண்டெண்ட், அதாவது மருந்து கேட்டு மேலே அனுப்பும் பட்டியல், போட்டாயிற்று, சப்ளை வரவில்லை என்றார். வெளிக்கடை மூலம் வாங்கிக் கொடுக்கும் ஏற்பாடு உண்டே என்றேன். கடைக்காரருக்குப் பாக்கி நிற்கிறது ஐயா, இந்த ஆண்டு ஒதுக்கீடு இறங்கியதும் தருவார் என்றார். நீங்களே வாங்கி பில்லை வைத்தால் பணம் வரும் என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். அவர் எனக்குப் பின்னால் நின்ற சுபேதார் சாப்பைப் பார்த்து, “அடுத்த டோக்கன்” என்றார். நாங்கள் அமெரிக்காவில் என்று நான் ஆரம்பித்த வாக்கியம் பாதியில் நின்றது. அப்பா என் முழங்கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

அந்த வாக்கியத்தை இங்கே முடித்துவிடுகிறேன். நான் இருப்பது டெக்சாஸ், சான் அன்டோனியோ. பட்டாளத்து ஊர். பக்கத்து வீட்டுக்காரர் விமானப்படையில் இருந்தவர், அப்பா வயதுதான். அவருடைய மருந்து தபாலில் வருகிறது. வாசலில் இருக்கும் தபால் பெட்டியைத் திறக்கிறார், எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். அங்கே முன்னாள் படைவீரர்களின் வெளிநோயாளி மருந்துகளில் 80 சதவீதம் அளவுக்குத் தபாலில்தான் போகிறது. ஆஸ்பத்திரிக்கு நேரில் போக வேண்டியிருந்தால், தகுதியுள்ளவர்களுக்கு மைலுக்கு 41.5 சென்ட் பயணப்படியும் உண்டு. அப்பாவிடம் இதைச் சொன்னேன். “பஸ்ஸில் போனாலும் தருவார்களா?” என்று கேட்டார்.

அங்கே எல்லாம் தேன் என்று சொல்ல வரவில்லை. 2014இல் பீனிக்ஸ் நகரத்துப் படைவீரர் ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் பட்டியலையே மறைத்து வைத்தது வெளிவந்து, துறை அமைச்சர் எரிக் ஷின்செகி பதவி விலக வேண்டியதாயிற்று. வருடத்துக்கு 30,000 கோடி டாலருக்கு மேல் செலவழிக்கும் துறை அது. பணம் இருந்தால் வரிசை போய்விடும் என்பதில்லை. ஆனால் அங்கே வரிசையை மறைத்தது தெரிந்ததும் அமைச்சரின் நாற்காலி போனது. இங்கே வரிசையை யாரும் மறைப்பதே இல்லை. கேட்டுக்கு வெளியே, வெயிலில், எல்லோரும் பார்க்கத்தான் நிற்கிறது.

பணம் இல்லையா என்றால், இருக்கிறது. இந்த பாலிக்ளினிக்குகளை நடத்தும் ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்துக்கு 2024-25 பட்ஜெட்டில் 6,968 கோடி ரூபாய், 2025-26இல் 8,317 கோடி. இரவு உட்கார்ந்து தேடிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் இந்தத் தொகையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 2003 ஏப்ரலில் இந்தத் திட்டம் வருவதற்கு முன்பு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியுமா என்று ஆரம்பித்தார். எனக்குத் தெரியும். பாட்டிக்கு உடம்பு சரியில்லாதபோது மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்திருந்தோம். 1996க்கு முன் ஓய்வு பெற்றவர் என்பதால் அப்பா இந்தத் திட்டத்துக்குச் சந்தா ஒரு பைசா கட்டவில்லை. அந்த நன்றி அவரிடம் இருக்கிறது, அதுதான் என் கோபத்துக்குக் குறுக்கே நிற்கிறது.

ஆனால் 2015இலேயே தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை பாலிக்ளினிக்குகளில் மருந்து இல்லாததைச் சொல்லிவிட்டது. அப்பாவின் கண்புரைக்குப் போன வருடம் பாலிக்ளினிக் சீட்டு எழுதி அனுப்பிய தனியார் ஆஸ்பத்திரி, அரசிடமிருந்து பில் பாக்கி வரவில்லை என்று கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. டெல்லியில் கோடியாக இருப்பது ஜன்னலுக்கு வரும்போது என்.ஏ. ஆகிவிடுகிறது. நடுவில் எத்தனை மேஜை என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பாவுக்கு விளங்கியிருந்தது. இதுதான் எனக்குத் தெரியாத சங்கதி. அன்று ஜன்னலிலிருந்து இழுத்து வந்தவர், வெளியே வேப்பமரத்தடியில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: கடைசி ஆறு வருடம் அவர் சிப்பாய்களுக்குச் சாமான் கொடுக்கும் குவார்ட்டர் மாஸ்டர் ஸ்டோரில் ஜன்னலுக்கு உட்பக்கம் இருந்தவர். எட்டாம் நம்பர் பூட் கேட்டு வருகிற சிப்பாயின் சீட்டில் என்.ஏ. என்று எழுதித் தள்ளியவர் இவர்தான். அவருடைய மையும் சிவப்புத்தானாம். “ஸ்டோரில் இல்லாததை அவன் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பான்? நீ கத்தினால் பூட் வந்துவிடுமா?” சிப்பாய்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். அடுத்த மாதமும் வந்து கேட்டார்கள் என்றார். கேட்டால்தான் தேவை என்று லெட்ஜரில் ஏறும். வராமல் இருந்துவிட்டால் அந்தச் சாமான் வேண்டாத சாமான் ஆகிவிடும், அடுத்த இண்டெண்டில் அதை வெட்டிவிடுவார்கள். மாதாமாதம் ஐஸோடு போய் என்.ஏ. வாங்கி வருவது ஏமாளித்தனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் லெட்ஜரில் வரவு வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு, அதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். பாலிக்ளினிக்கில் காத்திருக்கும் பெஞ்சுக்காகவும் போகிறார். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களான இரண்டு தமிழ்க் கிழவர்கள் அங்கே உட்கார்ந்து அரசாங்கத்தை இந்தியில் திட்டுகிறார்கள்! யார் செத்தார், யாருடைய பென்ஷன் ஸ்பார்ஷ் என்ற ஆன்லைன் பென்ஷன் முறையில் மாட்டிக்கொண்டது, கேண்டீனில் ரம் வந்ததா எல்லாம் அங்கேதான் தெரியவருகிறது. டிசம்பர் 7 கொடிநாளன்று பள்ளியில் குண்டூசியால் சட்டையில் கொடி குத்திக்கொண்டு, இந்தப் பணம் என் அப்பாவுக்குப் போகிறது என்று பெருமையடித்த பையன் நான். அந்தப் பெஞ்சில் அவர் சிரித்த மாதிரி வீட்டில் சிரித்து இந்த முறை நான் பார்க்கவில்லை. தபாலில் மருந்து வந்தால் இந்தச் சிரிப்பு எங்கே போகும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. மறு நிமிடம் வெயிலில் நின்ற வரிசை நினைவுக்கு வந்தது. தபால்தான் சரி.

அன்று மாலையே டவுனில் ஒரு பெரிய மருந்துக்கடைக்குப் போனேன். ஐந்து நிமிடம். ஐஸ் பொட்டலத்தோடு மூன்று புட்டி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரிட்ஜ் கதவில் வரிசையாக நிறுத்தினேன். அப்பா பில்லை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு ஒரு புட்டியைத் திறந்துகொண்டார் என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

நான் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது போன் வந்தது. ஜன்னலில் இருந்த அதே பிள்ளை. ஐயா, உங்கள் சொட்டு மருந்து வந்திருக்கிறது, ஒரு புட்டி எடுத்து வைத்திருக்கிறேன். நாலரை மணிக்கு ஐஸ் தட்டும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். வீட்டில் இன்னும் இரண்டு புட்டி திறக்காமல் இருக்கிறதே அப்பா என்றேன். “அது நீ வாங்கியது” என்று சொல்லிவிட்டு மூடியைத் திருகினார். கார் வேண்டாம் என்றார். பஸ்ஸில்தான் போனோம். ஜன்னலில் அவர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, புட்டியை வெளிச்சத்தில் பிடித்து காலாவதித் தேதி பார்த்து, பிளாஸ்டிக் உறையில் சுருட்டி ஐஸுக்குள் இறக்கினார். திரும்பி வரும்போது பிளாஸ்க் என் மடியில். வளைவுகளில் உள்ளே ஐஸும் புட்டியும் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டில் அம்மா ஒன்றும் கேட்கவில்லை, பிளாஸ்க்கைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அப்பா பிரிட்ஜைத் திறந்து, நான் வாங்கிய புட்டிகளைப் பின்னால் தள்ளிவிட்டு, தன்னுடையதை முன்னால் வைத்தார்.