ஐந்து ஜீவனும் ஒரே தாளில்: உச்சிப்புளிப் பக்கம் ஒரு ஓவிய வகுப்பு

அப்பத்தாவின் ஆடுகளை ஒரே படமாக வரைந்து திண்ணைச் சுவரில் மாட்ட வேண்டும். அதற்காகத்தான் ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் நடக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். நாலு வாரம், 1,600 ரூபாய், ஏ3 தாள் அவர்களே தருகிறார்கள். நடத்துபவர் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பதினோரு மணிக்கு மேல் கை வியர்த்து, பென்சில் கரி தாளெல்லாம் ஈஷிக்கொள்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று தாளைத் தூக்கிக்கொண்டு போகிறது. தாளும் மெலிசு, மூன்று முறை அழித்தால் பஞ்சாகக் கிளம்பும். கலர் பென்சிலும் உண்டு என்றார்கள், கடைசி வாரம் அரை மணி நேரத்தோடு சரி.

கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்தது இரண்டாவது வாரத்தில்.

எங்கள் வீட்டில் ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறி மூன்று. முறுக்குக் கொம்போடு ஒரு கிடா, கொம்பில்லாத பெட்டை இரண்டு. அதில் ஒன்றுக்குக் கண்ணோரம் கருப்புத் திட்டு இருப்பதால் மச்சக்காரி என்று பெயர். அப்புறம் ஒரு செவலை நாய், ஒரு பூனை. ஐந்தையும் பக்கம் பக்கமாக நிறுத்தி வரைந்து கொண்டு போயிருந்தேன். மாஸ்டர் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுங்க எந்த ரேஷன் கடையில நிக்குது?" என்றார்.

அழிக்கச் சொல்லவில்லை. பழைய செய்தித்தாளில் ஒவ்வொன்றின் உருவத்தையும் வெட்டச் சொன்னார். கண், மூக்கு வேண்டாம், வெளிக்கோடு மட்டும். வெட்டும்போதே ஒரு தப்பு பிடிபட்டது: பூனையை மட்டும் போனில் கிட்டத்தில் எடுத்திருந்ததால் அது ஆட்டுக்குச் சமமாக நின்றது. அதைச் சின்னதாக வெட்டிவிட்டு, ஐந்து துண்டையும் தாள் மேல் நகர்த்திக்கொண்டே இருந்தேன். பாய் விரித்த வள்ளத்தை நினைத்துக்கொள் என்றார். பாயின் உச்சி நட்ட நடுவில் இருக்காது, ஒரு பக்கம் நீளமாகச் சரிந்து இறங்கும். அப்படியே கிடாவின் கொம்பு மேலே போனது. பெட்டைகள் அதற்குக் கீழே, நாய் முன்னால் படுத்தபடி, பூனை கடைக்கோடியில்.

கொம்பு நுனி மச்சக்காரியின் காதை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தது. அதில் விரலை வைத்தார். "மறைச்சா நல்லா மறை, இல்லைன்னா தள்ளி வை. தொட்டா ரெண்டும் ஒட்டிக்கிட்ட மாதிரி தெரியும்." விரல் அகலத்தில் கால்வாசி அளவுக்குக் கொம்பைக் காதுக்குப் பின்னால் தள்ளியதும், கிடா நிஜமாகவே பின்னால் போய் நின்றது. இந்த ஒரு இடத்துக்காகவே நான் 1,600 கொடுத்திருப்பேன்.

வெள்ளைத் தாளில் வெள்ளை ஆட்டை எப்படிக் காட்டுவது? ஆட்டைத் தொடவே வேண்டாம் என்றார். பின்னால் சீமைக்கருவேலப் புதரை இருட்டாகத் தீட்டினேன், முதுகு தானாக வெளியே வந்தது. நான் பார்த்து வரைந்த போன் படங்களில் இரண்டு காலை நேரத்திலும் மூன்று சாயங்காலமும் எடுத்தவை, நிழல் ஆளுக்கொரு பக்கம் விழுந்திருந்தது. தாள் மூலையில் சூரியனுக்கு ஒரு அம்புக்குறி போட்டு, எல்லா நிழலையும் அதற்கு எதிர்ப்பக்கம் திருப்ப வைத்தார். மச்சக்காரி மட்டும் நம்மைப் பார்க்க, மற்றவை அவள் பக்கம் முகம் திருப்பியிருக்கட்டும் என்றதும் அவர்தான்.

ரோமம், நிழல் ஓரளவு கைவந்தவர்கள், உருவங்களை எங்கே வைப்பது என்று முழிப்பவர்கள் தாராளமாகப் போகலாம். பென்சிலே புதிது என்றால் வேறு இடம் பாருங்கள். போகும்போது நாலு கிளிப், கைக்கு அடியில் வைக்க ஒரு துணி, சொந்தத் தாள் எடுத்துப் போங்கள்.

படம் இப்போது திண்ணையில் தொங்குகிறது. அப்பத்தா மூன்று ஆட்டையும் பேர் சொல்லி அடையாளம் காட்டிவிட்டு, முன்னால் படுத்திருக்கும் நாயைப் பார்த்து முறைத்தார். "ஏன்டி ஆத்தா, இந்தக் கழுதை எதுக்கு மச்சக்காரி காலை மறைச்சுக்கிட்டுக் கிடக்கு? எந்திரிக்கச் சொல்லு."