பன்றிக்கொழுப்பா, வெண்ணெயா, வனஸ்பதியா: மெக்சிகோ சர்க்கரை பிஸ்கட்டுக்கு எது சரி?

மெக்சிகோவில் சர்க்கரையில் புரட்டிய பிஸ்கட் வேண்டும் என்று கேட்டால் ஊருக்கு ஊர் வேறொன்றைக் கையில் கொடுப்பார்கள். வடக்கே நுவேவோ லியோன் பக்கம் என்றால் பட்டை வாசம் வீசும் ஒஹராஸ்கா. நாடு முழுக்கக் கிடைப்பது பொல்வொரோன். ஸ்பானிய மொழியில் 'பொல்வோ' என்றால் தூள், 'ஒஹராஸ்கா' என்றால் உதிர்ந்த சருகு. இரண்டு பெயரும் ஒரே குணத்தைத்தான் சொல்கின்றன: பல் பட்டதும் உதிர வேண்டும். அந்த உதிர்வைத் தருவது கொழுப்பு. அதனால் வீட்டில் சுடப்போகிறவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது எந்தக் கொழுப்பு என்பதைத்தான். அச்சு, ஓவன் சூடு எல்லாம் அப்புறம்.

ஸ்பானிய மொழிச் செய்முறை பார்த்துச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'மாந்தேகா' என்றால் பன்றிக்கொழுப்பு, 'மாந்தேகியா' என்றால் வெண்ணெய். ஓரெழுத்து வித்தியாசம்போலத் தெரிந்தாலும் பிஸ்கட்டே வேறாகிவிடும்.

முதலில் மாந்தேகா. பன்றியும் கோதுமையும் கரும்பும் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு மெக்சிகோவுக்கு வந்தவை. ஸ்பெயினில் இன்றும் கிறிஸ்துமஸ் பொல்வொரோனைப் பன்றிக்கொழுப்பில்தான் செய்கிறார்கள். நுவேவோ லியோனின் தலைநகரான மான்டெரேயில் நாங்கள் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி ஒவ்வொரு டிசம்பரிலும் ஒஹராஸ்கா சுடுவார். அவருக்கு எல்லாம் கைக்கணக்கு. நான் தராசோடு பக்கத்தில் நின்று எழுதிக்கொண்ட அளவு இது: அரை கிலோ மைதா, 250 கிராம் மாந்தேகா, 150 கிராம் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு. தனியாக ஒரு கப் தண்ணீரில் இரண்டு துண்டு பட்டையைப் போட்டு, பாதியாக வற்றும்வரை கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும்.

கொழுப்பை மாவில் பிசிறுவதில்தான் எல்லாம் இருக்கிறது. பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். புட்டு மாவுக்குப் பார்க்கும் அதே பதம். அதற்குப் பிறகுதான் பட்டைத் தண்ணீர், அதுவும் ஸ்பூன் ஸ்பூனாக, மாவு ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும். வரிசையை மாற்றித் தண்ணீரை முதலில் விட்டால் மைதாவில் இருக்கும் புரதம் அதைக் குடித்து இழுவை பிடித்துக்கொள்ளும், பிஸ்கட் கடினமாகிவிடும். கொழுப்பு முதலில் போனால் மாவுத் துகள்களைப் போர்த்திக்கொண்டு தண்ணீரை அண்டவிடாது. முறுக்கு மாவில் வெண்ணெயை முதலிலேயே பிசிறுகிறோமே, அதே கணக்கு. பன்றிக்கொழுப்பில் தண்ணீரே இல்லை என்பதால் இந்தப் போர்வை முழுமையாக விழுகிறது.

பாட்டி மாவை ஒரு விரல் கனத்துக்குத் தேய்த்து, தெக்கீலா குடிக்கும் குட்டிக் கண்ணாடி டம்ளரால் வட்டம் வட்டமாக வெட்டுவார். 180 டிகிரியில் பதினைந்து, பதினெட்டு நிமிடம். வெளியே எடுத்ததும் தொட்டால் கையோடு நொறுங்கும். முழுக்க ஆறிவிட்டாலோ சர்க்கரை ஒட்டாது. இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில் மெதுவாகப் புரட்ட வேண்டும்.

மாந்தேகாவிலும் இரண்டு உண்டு. கறிக்கடையில் கார்னிதாஸ் (கொழுப்பிலேயே வேகவைத்த பன்றிக்கறி) பொரித்த கொழுப்பு பழுப்பு நிறத்தில் வறுத்த கறி வாசத்தோடு இருக்கும். பீன்ஸுக்கும், ஆவியில் வேகவைக்கும் மக்காச்சோள மாவுப் பண்டமான தமாலுக்கும் அருமை, பிஸ்கட்டுக்கு வேண்டாம். வெள்ளையாக, வாசமே இல்லாமல் இருப்பதை வாங்குங்கள்.

பட்டையைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மெக்சிகோக்காரர்கள் 'கனேலா' என்று வாங்குவது இலங்கைக் கறுவா. இலங்கையிடமிருந்து கறுவாவை மிக அதிகமாக வாங்கும் நாடும் மெக்சிகோதான். மெல்லிய ஏடு ஏடாகச் சுருண்டிருக்கும், விரலால் அழுத்தினாலே நொறுங்கும், காரம் குறைவு, மணம் இனிப்பானது. நம் மளிகைக் கடையில் பெரும்பாலும் கிடைக்கும் தடித்த பட்டை வேறு மரத்தினுடையது. அதைப் போட்டால் பிரியாணி ஞாபகம்தான் வரும். இலங்கைக் கறுவாவைத் தேடிப்பிடித்துப் போடுங்கள்.

அடுத்து வெண்ணெய். இதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான் கொழுப்பு, 16 சதவீதம் போலத் தண்ணீர், மீதி பாலின் திடப்பொருள். ஒஹராஸ்காவை ஒருமுறை வெண்ணெயில் சுட்டுப் பார்த்தேன். நல்ல பிஸ்கட்தான், ஆனால் சருகாக இல்லை. கடக்கென்று உடைந்தது, பட்டை மணம் பால் வாசத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அதே வெண்ணெய், கொட்டை போட்ட பொல்வொரோனில் ராஜா. அமெரிக்காவில் 'மெக்சிகன் கல்யாண பிஸ்கட்' என்று விற்பது இதைத்தான். 225 கிராம் வெண்ணெய், 60 கிராம் பொடித்த சர்க்கரை, 250 கிராம் மைதா, வறுத்து நறுக்கிய பீக்கன் கொட்டை (வால்நட் போன்றது) 100 கிராம், கொஞ்சம் வனிலா, ஒரு சிட்டிகை உப்பு. பீக்கன் வட மெக்சிகோவின் சொந்த மரம். அங்கே 'நுவெஸ்' என்றாலே பீக்கன்தான், வால்நட்டைத் தனியாகக் 'காஸ்தீயா கொட்டை' என்பார்கள். பீக்கன் கிடைக்காவிட்டால் வால்நட் போடலாம், கசப்பு சற்று எட்டிப் பார்க்கும்.

உருண்டை பிடித்ததும் அரை மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெண்ணெய் 32, 35 டிகிரியிலேயே உருகிவிடும். குளிரவைக்காத உருண்டை ஓவனில் அப்பளமாகப் பரந்துவிடும். பொடித்த சர்க்கரையில் இரண்டு தடவை புரட்ட வேண்டும்: சூட்டோடு ஒருமுறை, அது உருகித் தோல்போல ஒட்டிக்கொள்ளும். ஆறிய பின் இன்னொருமுறை, அதுதான் வெள்ளை வெளேரென்று தெரியும்.

வனஸ்பதி வகைக்குப் பேக்கரியில் ஓர் இடம் இருக்கிறது. தட்டையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு மெக்சிகோ பேக்கரி அலமாரிகளைச் சுற்றிவந்தால், இளஞ்சிவப்பு, மஞ்சள், பழுப்பு என்று மூன்று நிறத்தில் ஒரு பொல்வொரோன் கண்ணில் படும். பால்சத்து இல்லாத கொழுப்பில் பிஸ்கட் சீக்கிரம் சிவக்காது, நிறம் அப்படியே நிற்கும், வடிவமும் குலையாது. ஆனால் உடம்புச் சூட்டில் முழுதாக உருகாததால் மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல் தங்கிவிடுகிறது. குழந்தைகளின் பிறந்தநாளுக்கு நிறம் வேண்டுமென்றால் செய்யலாம், அதைத் தாண்டி நான் தொடமாட்டேன்.

சைவர்கள் என்ன செய்வது? நெய்யிலும் தண்ணீர் இல்லையே என்று யோசிக்கலாம். உதிர்வு நன்றாகவே வரும், ஆனால் நெய் மணம் கறுவாவை அமுக்கிவிடும், கையில் கிடைப்பது நான்கட்டாய். என் அபிப்பிராயத்தில் அவர்கள் ஒஹராஸ்காவை விட்டுவிட்டு, பிறப்பிலேயே வெண்ணெய்க்குப் பொருந்திய கொட்டைப் பொல்வொரோனைச் செய்வது நல்லது. பன்றிக்கொழுப்பு சாப்பிடுகிறவர்கள் ஒஹராஸ்காவுக்கு வேறெதையும் தேட வேண்டாம். 1848 வரை மெக்சிகோவோடு இருந்த, இன்று அமெரிக்க மாநிலமான நியூ மெக்சிகோவில், சோம்பு போட்ட 'பிஸ்கோசீத்தோ'வை 1989இல் மாநிலத்தின் அதிகாரபூர்வ பிஸ்கட்டாகவே அறிவித்தார்கள். அதற்கும் மரபான கொழுப்பு இதுதான்.

ஒஹராஸ்காவைச் சுட்ட அன்றே தீர்த்துவிடாமல் தகர டப்பாவில் ஒரு ராத்திரி மூடி வையுங்கள். சர்க்கரை பிடித்து, பட்டை உள்ளே இறங்கியிருக்கும். பாட்டி அந்த டப்பாவைப் பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத மேல் அலமாரியில்தான் வைப்பார், மறுநாள் காலைக் காப்பிக்கு அவரே இறக்குவார்.