காட்டுக் குடியிருப்புக்கு ஈ.பி. லைனா, சோலாரா?

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. அந்தக் கரண்ட் மலையிறங்கிப் போய்க் கோயம்புத்தூர் மில்களை ஓட்டியது. அதே நீலகிரியில் கம்பி எட்டாத பழங்குடிக் குடியிருப்புகளுக்கு இன்றும் சொல்லப்படுவது, "வீட்டுக்கொரு சோலார் போதுமே" என்பதுதான். போதுமா?

சோலார் பக்கம் நியாயம் உண்டு. சீக்கிரம் வந்துவிடும். மரம் வெட்ட வேண்டாம். தாழ்ந்து தொங்கும் கம்பியில் யானை அடிபடும் பயமும் இல்லை. ஆனால் வீடுதோறும் மின்சாரம் தர மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த சௌபாக்யா திட்டம், லைன் எட்டாத வீடுகளுக்கு வகுத்ததைப் பாருங்கள்: 200 முதல் 300 வாட் பேனல், பேட்டரி, ஐந்து எல்.இ.டி. பல்பு, ஒரு ஃபேன், ஒரு பிளக், ஐந்து வருடப் பராமரிப்பு. பிள்ளைகள் படிக்கலாம், போனுக்குச் சார்ஜ் போடலாம். மிக்ஸி ஓடாது. மசினகுடி வெயிலுக்கு ஃபேன் வேண்டும்; அவலாஞ்சிக் குளிருக்கு வேண்டாம். யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பதைத்தான் அங்கீகார நீதி என்கிறார்கள். ஆடி மழையில் வெயிலே தலைகாட்டாத நாட்களில் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? ஐந்து வருடம் கழித்து அது செத்தால் மாற்றுவது யார்?

லைன் வந்தால் மற்ற வீடுகளைப்போல இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சோலார் வீட்டுக்கு அந்தச் சலுகை போய்ச் சேர வழியில்லை. பலன் எல்லோருக்கும் நியாயமாகப் பங்காக வேண்டும் என்கிற பகிர்வு நீதி அடிபடுவது இங்கேதான்.

"காட்டுக்குள் லைன் இழுக்கச் சட்டம் விடாது" என்று சொல்லிக் கைகழுவ முடியாது. கேட்டவருக்கு இணைப்பு தருவது விநியோக நிறுவனத்தின் கடமை என்கிறது 2003 மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவு. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு மின்கம்பிக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை அனுமதிக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. கிராமசபை பரிந்துரைக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. முடிவெடுப்பதில் அந்த மக்களுக்கே பங்கு வேண்டும் என்பதுதான் நடைமுறை நீதி; அதற்கு இதைவிடத் தெளிவான வாசல் வேண்டுமா?

என்னைக் கேட்டால் லைன்தான். உறை போட்ட கேபிளாக, யானை நடக்கும் இடத்தில் மண்ணுக்கடியில். அதுவரை சோலார் இருக்கட்டும். ஆனால் அதைக் கொடுத்ததோடு "மின்வசதி பெற்ற வீடு" என்று கணக்கை மூடக்கூடாது. அப்புறம் ஒன்று: லைன் பின்னாலேயே ரிசார்ட்டும் வந்துவிடும் என்று பயந்து ஒரு கிராமசபை சோலாரே போதும் என்றால், அந்த முடிவுக்கு அதிகாரிகளும் கட்டுப்பட வேண்டும், என்னைப் போன்றவர்களும் கட்டுப்பட வேண்டும்.