மொன்றியலில இங்கிலீஷ் ஹைஸ்கூல்: மகள் படிச்சு முடிச்ச பிறகு எழுதிறன்

கியூபெக்கில பிள்ளைய இங்கிலீஷ் பப்ளிக் ஸ்கூல்ல சேர்க்கிறதெண்டா எல்லாருக்கும் ஏலாது, 1977ல வந்த 101ஆம் சட்டப்படி குடிவந்த ஆக்களின்ட பிள்ளையள் பிரெஞ்சிலதான் படிக்கோணும். எங்கட மகளுக்குக் கிடைச்சது அவவின்ட அப்பா சின்ன வகுப்புகள ஒன்ராறியோவில இங்கிலீஷில படிச்சவர், கனடா சிட்டிசன் எண்டபடியாத்தான், அவற்ற பழைய ரெக்கோர்ட்ஸ் எல்லாம் தேடிக் குடுத்துத்தான் எலிஜிபிலிட்டி சேர்ட்டிபிக்கட் எடுத்தனாங்கள்.

நான் ஊரில பொம்பிளைப் பிள்ளையள் பள்ளிக்கூடத்தில படிச்சனான், பெடியளும் பெட்டையளும் ஒண்டாப் படிக்கிற இடம் எண்டதும் ஒரு பயம் இருந்தது. லாப்பில பெடியளோட சேர்ந்து செய்து, வகுப்புக்கு முன்னால நிண்டு கதைச்சுப் பழகினதில பிள்ளைக்கு வந்த துணிவு எனக்கு அந்த வயசில இருக்கேல்ல.

எல்லாரும் கேக்கிறது, பிரெஞ்சு வராமல் போயிடாதோ எண்டு. மகள் பிரெஞ்சு இமேர்ஷன், வேற பாடங்களும் பிரெஞ்சில படிச்சவ, இப்ப மெற்றோவில கடையில எங்கயும் யோசிக்காமல் கதைக்கிறா. சாதாரண பிரெஞ்சு வகுப்போட மட்டும் நிண்ட பிள்ளையள் பார்ட் டைம் வேலை தேடேக்க கஷ்டப்பட்டதையும் கண்டனான், இமேர்ஷன் இருந்தா தயவுசெய்து விடாதேங்கோ. 2022ல 96ஆம் சட்டம் வந்த பிறகு இங்கிலீஷ் சிஜெப்பிலயும் (ஹைஸ்கூலுக்குப் பிறகு, யூனிவர்சிட்டிக்கு முதல் படிக்கிற கொலிஜ்) பிரெஞ்சுப் பாரம் கூடியிட்டுது.

செகண்டரி நாலுதான், அதாவது பத்தாம் வகுப்பு, உண்மையாப் பிழியிற வருசம். கணக்கு, சயன்ஸ், வரலாறு மூண்டுக்கும் மினிஸ்ட்ரி எக்ஸாம், பாஸ் மார்க் 60, மூண்டில ஒண்டு குறைஞ்சாலும் டிப்ளோமா இல்லை, திருப்பி எழுதித்தான் எடுக்கோணும். அதுக்கு முதல், செகண்டரி மூண்டு முடியேக்கயே எந்தக் கணக்கு எண்டு தெரிவு செய்யச் சொல்லுவினம், லேசா இருக்குமெண்டு சிஎஸ்ரி (CST) எண்ட கணக்குப் பிரிவ எடுத்தா பிறகு சிஜெப்பில சயன்ஸ் படிக்க கதவு பூட்டு, மேலதிகமாக் கணக்குப் படிச்சிட்டுத்தான் போகலாம். இத எங்கட ஆக்கள் கன பேர் பிந்தித்தான் அறியினம்.

குறை எண்டா ரீச்சர் தட்டுப்பாடு, ஒரு வருசம் பிரெஞ்சுக்கு மாறி மாறி சப்ஸ்டிட்யூட்தான், வீட்டில ரியூஷன் வைச்சுச் சமாளிச்சம்.

1998 வரைக்கும் இங்க ஸ்கூல் போர்ட் எல்லாம் கத்தோலிக்கம், புரொட்டஸ்தாந்து எண்டு மதத்தாலதான் பிரிஞ்சிருந்தது, இத்தாலியன் பிள்ளையள் ஒரு பக்கம் கிரேக்கப் பிள்ளையள் மற்றப் பக்கம். மகளின்ட வகுப்பில எல்லாரும் ஒண்டா இருந்தவை, அதுகளின்ட தாய் தேப்பன்மார் ஸ்கூல எங்கட எண்டு சொல்லி ஓடி ஓடி வேலை செய்வினம். ஸ்கூல் விசயங்களத் தீர்மானிக்கிற கவர்னிங் போர்டில பெற்றோருக்கு வோட் இருக்கு, செப்டம்பர் கூட்டத்திலதான் ஆக்களத் தெரிவு செய்யிறது, நாங்களும் போய் இருக்கோணும்.