மெஸ்தியாவா, உஷ்குலியா: ஸ்வனேதியில் எங்கே தங்கலாம்?

ஜார்ஜியாவின் வடமேற்கில், எங்கூரி ஆறு ஓடும் மலைப் பள்ளத்தாக்குதான் ‘மேல் ஸ்வனேதி’. வீட்டோடு வீடாக நிற்கும் அதன் கல் கோபுரங்களில் பெரும்பாலானவை 9 முதல் 13-ஆம் நூற்றாண்டுக்குள் எழுந்தவை. வெளியாள் படையெடுத்தாலும் சரி, ஊருக்குள்ளேயே ரத்தப்பழி மூண்டாலும் சரி, குடும்பம் கோபுரத்துக்குள் ஏறி ஏணியை மேலே இழுத்துக்கொள்ளும்.

இங்கே போகிறவர்களில் பலர் மெஸ்தியா என்ற சிறு நகரில் அறை எடுத்துக்கொண்டு, உஷ்குலிக்கு ஒரே நாளில் போய்த் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

மெஸ்தியாவில் வசதிக்குக் குறைவில்லை. ஏடிஎம், கடைகள், உணவகங்கள், சின்ன விமான நிலையம் எல்லாம் உண்டு. அருங்காட்சியகத்தில் 897-ஆம் ஆண்டின் ஆதிஷி நற்செய்தி ஏடு இருக்கிறது. அதைவிட என்னை ஈர்ப்பது, பழைய வீடுகளின் தரைத்தளமான மச்சூபி. சுவரோரம் செதுக்கு வேலை செய்த மரத் தொழுவங்கள். கீழே மாடுகள், அதற்கு மேலேயே மனிதர்களின் படுக்கை. நடுவில் அடுப்பு. பொறி பறந்து கூரையில் பற்றாமலிருக்க, அடுப்புக்கு மேலே ஒரு பெரிய கற்பலகை தொங்கும். மாட்டின் மூச்சுச் சூட்டில்தான் குளிர்காலம் கழிந்திருக்கிறது.

உஷ்குலி இன்னும் 45 கிலோமீட்டர் உள்ளே, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சில சிற்றூர்கள் சேர்ந்ததுதான் உஷ்குலி. அவற்றில் சஜாஷி 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. சந்துகளில் சேறும் சாணமும்தான், நல்ல ஷூ வேண்டும். நண்பகலில் வேன்கள் வரிசையாக வந்து இறக்கும்போது இது வெறும் சுற்றுலாத் தலம். அவை போன பிறகு மாடுகள் தாமாகவே வீடு திரும்பும்; பள்ளத்தாக்கின் கோடியில், ஜார்ஜியாவிலேயே உயரமான ஷ்காரா சிகரத்தில் கடைசி வெயில் ஏறும். இதைப் பார்க்காமல் மதியமே வண்டியேறுவது எவ்வளவு பெரிய இழப்பு!

நடக்கத் தெம்பிருந்தால் மூன்றாவதாக ஆதிஷி இருக்கிறது. மெஸ்தியாவிலிருந்து உஷ்குலி வரையிலான நான்கு நாள் நடைவழியில் வரும் குட்டி ஊர். அதைத் தாண்டியதும் பனியாறு உருகி வரும் ஓடையைக் கடக்க வேண்டும். வெயில் ஏற ஏறத் தண்ணீர் கூடும் என்பதால் காலையிலேயே போவது நல்லது. குதிரையில் ஏற்றி அக்கரை சேர்ப்பவர்களும் உண்டு.

மூன்றே இரவுதான் கையில் இருக்கிறதா? மெஸ்தியாவுக்கு ஒன்று போதும். மற்ற இரண்டையும் உஷ்குலிக்குக் கொடுங்கள். முதல் வேன் வருவதற்குள் லமாரியா தேவாலயத்தின் மேட்டுக்கு ஏறிவிடலாம்.